முதல் கட்டு மிலாறு

லோஜினியைக் கள்ளி என்று எழுதிவிட்டார்கள். எழுதியவன் வேறு யாருமில்லை, அவளுடைய சின்னம்மா மகன் பெரியதம்பி. வாச்சர் வேலை கிடைத்த நாளிலிருந்து அவன் கக்கத்தில் ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் இருக்கிறது. தோட்டத்தில் யார் எதைத் தொட்டாலும் அதில் ஏறிவிடும். பதினோராம் நம்பர் மலையில் ஒரு கட்டு மிலாறு தூக்கினாள் என்று திங்கட்கிழமை காலையில் அவன் எழுதியது, பகல் தேத்தண்ணி நேரத்துக்குள் லோஜினியின் புருஷன் ராஜலிங்கத்தின் காதுக்கு வந்துவிட்டது.

அப்போது அவன் நெருப்புக்கு முன்னால் நின்றிருந்தான். தெல்தோட்டைக்கு மேலே ஐந்தாங்கட்டைத் தோட்டத்தின் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பெரிய அடுப்பைப் பார்ப்பது அவன் வேலை. எண்ணெயில் எரிந்த காலத்திலும் அவன்தான் பார்த்தான்; நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் எண்ணெயை விட்டு விறகுக்கு மாறியபோதும் அவன்தான். இருபத்திரண்டு வருடம். அந்த அடுப்பின் சூட்டுக் காற்று மேலே டிரையருக்குள் போய்த்தான் அரைத்த கொழுந்து தேயிலையாகிறது. சூடு காட்டும் முள் இருநூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கினால் கொழுந்து காயாமல் வெந்துபோகும். வெந்த தேயிலையை ஏலத்தில் ஒருவனும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். ராஜலிங்கத்துக்கு முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை, தீயின் நிறமே போதும். தான் நிற்கும்போது சூடு இறங்கியதாக ஒரு நாளும் பேர் வாங்காதவன் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செய்தி சொன்ன ஆள் போன பிறகும் இரண்டு கட்டையைத் தூக்கி உள்ளே போட்டான். மூன்றாவதைத் தூக்கும்போதுதான் உறைத்தது. பெண்டாட்டியைப் பிடித்திருப்பது விறகுக்காக. அவள் தூக்கியது தலையில் கொள்ளும் ஒரு கட்டு. அவன் இந்த வாய்க்குள் ஒவ்வொரு நாளும் போடுவது ஒரு லொறி.

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிதான் மிலாறு. விரல் தடிப்பு, எண்ணெய்ப் பிடிப்புள்ள கட்டை, காய்ந்துவிட்டால் ஈரக் காற்றிலும் நின்று எரியும். மலை வெட்டி ஒரு வாரத்தில் இலை உதிர்ந்ததும், வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் ஏறுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் கட்டு எடுத்தவளுக்குச் சொந்தமில்லை. லயத்தில் பிள்ளை பெற்ற வீடு இருந்தால் அங்கே போகும். இல்லையென்றால் சாவு விழுந்த வீட்டுக்கு. இரண்டும் இல்லாத வருடத்தில் கோயில் பொங்கலுக்கு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலும் இதை யாரும் தடுத்ததில்லை. எத்தனையோ அநியாயம் செய்தவர்களுக்கே இதில் கை வைக்கத் தோன்றவில்லை.

இப்போதுள்ளவர்களுக்குத் தோன்றியது. ஸ்டோருக்குப் பக்கத்தில் விறகு அரைக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மிலாறைத் துண்டு துண்டாக அரைத்துப் பெரிய அடுப்பில் போட ஆரம்பித்தார்கள். மலை ஓரத்தில் மூன்று பாஷையிலும் போர்டு வந்தது. தமிழில் எழுத்துப் பிழையோடு இருந்தாலும் விஷயம் தெளிவாகத்தான் இருந்தது: மிலாறு கம்பனிச் சொத்து.

அன்று நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ராஜலிங்கம் நனைந்துகொண்டே லயத்துக்கு வந்தபோது லோஜினி கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றி வாசல் இஸ்தோப்பில் உதறிக்கொண்டிருந்தாள். உதறிய வேகத்தைப் பார்த்து, பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். உள்ளே அடுப்பில் ரொட்டி பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது. ஈரச் சவுக்குக் கட்டை புகைந்து, அந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கக் கண்ணைக் கரித்தது.

“நீ எதுக்குப் புள்ள அதத் தொட்ட? போர்டு போட்டிருக்கானுங்கன்னு தெரியும்ல?”

“எனக்கா எடுத்தேன்?” என்றாள் அவள். “நிஷாந்தினிக்குப் புள்ள பொறந்து எட்டு நாளு. பச்ச ஒடம்புக்காரி குந்திக்கிட்டு ஈர வெறக ஊதுறா. அந்தப் பொகையில புள்ள இருமுது. பாத்துக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?”

நிஷாந்தினி லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிறவள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுப்பது லோஜினிதான்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா? ஸ்டோர்லருந்து நீங்க தூக்கிக்கிட்டு வந்திருப்பீங்களா?”

ராஜலிங்கம் வேகாத ரொட்டியைப் பிய்த்துக் கட்டச்சம்பலில் தொட்டுத் தின்றான்.

அவளுக்கு ஆற்றாமை அடங்கவில்லை. கட்டைத் தலையிலிருந்து இறக்கச் சொன்னவன் பெரியதம்பி என்பதுதான் நெஞ்சில் நின்றது. அவனுக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது முதல் கட்டைக் கொண்டுபோய்ப் போட்டவள் இவள். அந்த வீட்டு வாசலில் மழையில் நின்று, “தம்பி, பொண்டாட்டிக்குத் தண்ணி வையி” என்று சொல்லிவிட்டு வந்தவள். அக்கா என்று கூப்பிட்ட வாயாலேயே பேர் என்ன, வயது என்ன என்று கேட்டு எழுதினானாம். கட்டையும் அவனே ஆபீசுக்குத் தூக்கிப் போனானாம், கயிற்றோடு சேர்த்து. அவளுடைய பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு அது.

விசாரணை புதன்கிழமை என்று துண்டுச் சீட்டு வந்தது. இரண்டு பேரும் அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்கள். தோட்டத்து மேனேஜரான துரை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சத்தம் போடுகிற துரை இல்லை. பல்கலைக்கழகம் படித்த ஆள், தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பேசுவார், கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லுவார். உட்கார வைத்தே கழுத்தை அறுப்பதை அவரிடம்தான் படிக்க வேண்டும். பக்கத்தில் மொழிபெயர்க்க சஞ்சீவனி நின்றாள். கம்பளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நலன்புரி உத்தியோகத்தர். தோட்டத்துக்கே அவள் மிஸ். மூலையில் மிலாறுக் கட்டு கிடந்தது, பச்சைக் கயிற்றில் ஒரு அட்டையும் நம்பரும் தொங்க.

துரை ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் பெரிதாக, சுழித்து, தமிழில் ஒரு கையெழுத்து.

“இது யார் வச்சதுன்னு தொரை கேக்குறாங்க” என்றாள் சஞ்சீவனி.

ராஜலிங்கம் எட்டிப் பார்த்தான். அவனுடையதுதான்.

போன வருடம் தேயிலைத் தூள் கொடுத்த நாள் அது. மாதா மாதம் தூள் வாங்கும்போது நீட்டுகிற புத்தகத்தை எந்த லயத்திலும் யாரும் வாசித்ததில்லை. கிளார்க் விரலால் இடத்தைக் காட்டுவார். வைத்துவிட்டுத் தூளை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அப்பன் காலத்திலிருந்து அப்படி. அன்றைக்கு அதே மேசையில், அதே கிளார்க்கை வைத்து, தூளோடு சேர்த்துப் புகையில்லா அடுப்பு என்று ஒரு தகர அடுப்பையும் கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் அன்பளிப்பு என்றார்கள். நம்பர் ஒட்டிய ஸ்டிக்கர், ஒரு போட்டோ, ஒரு கையெழுத்து. காட்டிய இடத்தில் ராஜலிங்கம் வைத்தான். அறுபத்து மூன்று குடும்பமும் வைத்தது. அடுப்பு இலவசம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு லயத்துக்கு ஊர்வலம் மாதிரி வந்தார்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று துரை சொன்னார். அடுப்பை ஏற்றுக்கொண்ட குடும்பம் இனி மலையில் விறகு எடுக்காது. மிலாறைப் பாவிக்கும் உரிமையைத் தானாக விட்டுக்கொடுக்கிறது. அதனால் லோஜினி செய்தது முறையில்லை, களவு. வெள்ளிக்கிழமை அடுப்பு கொடுத்த வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஆள் வருகிறார், அதற்குள் இது முடிய வேண்டும். களவு செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்து வைத்தால் பதினாலு நாள் வேலை இடைநிறுத்தத்தோடு சரி. வைக்காவிட்டால் அவளுக்கு வேலை போகும், பொலிசுக்கு எழுதுவார்கள், காம்பராவைப் பற்றியும் யோசிக்க வேண்டி வரும்.

லோஜினி தாளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். பிறகு சஞ்சீவனியிடம் திரும்பினாள்.

“மிஸ், தொரைகிட்ட கேளுங்க. மொதக் கட்டு புள்ள பெத்த வீட்டுக்குப் போறது இவரு பொறக்குறதுக்கு முந்தியே உள்ள மொற. அத எங்க எழுதி வாங்குனாங்க? எந்த வரியில இருக்கு?”

சஞ்சீவனி அதில் பாதியைத்தான் சிங்களத்தில் சொன்னாள் என்பது ராஜலிங்கத்துக்கு விளங்கியது. துரை தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வெள்ளி காலை என்று மட்டும் சொன்னார். வெளியே வரும்போது சஞ்சீவனி பின்னாலேயே வந்து, தாளின் பிரதி ஒன்றை லோஜினியின் கையில் சொருகினாள். “மகளுக்குக் காட்டுங்க. நான் தந்தேன்னு சொல்லாதீங்க” என்றாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது.

மகள் சிந்துஜா ஏ.எல். படிக்கிறாள். பூகோளம் ஒரு பாடம். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தாளை மடியில் விரித்து, போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வாசித்தாள். காம்பராவில் ஒரே பல்ப். லயம் முழுவதற்கும் ஒரே மீட்டர், இரண்டாவது பல்ப் போட்டால் கிளார்க் வந்து நிற்பார். லோஜினி பருப்பைக் கடைந்துகொண்டே காதை அங்கே வைத்திருந்தாள்.

“அப்பா, நீங்க அடுப்புக்குக் கையெழுத்து வைக்கல. மிலாறுக்கு வச்சிருக்கீங்க. பத்து வருஷத்துக்கு.”

“அதத்தான் தொரையும் சொன்னாரு.”

“தொரை சொல்லாததும் இருக்கு” என்றாள் சிந்துஜா. “அவங்க நாட்டுல இந்தக் கம்பனி கரண்டு எடுக்க நெலக்கரி எரிக்குது. அத நிப்பாட்டப் போறதில்ல. அதுக்குப் பதிலா நம்ம எரிக்காம விடுற வெறகத் தன் பேர்ல எழுதிக்குது. அங்க எரிச்சதும் இங்க எரிக்காததும் சரியாப் போச்சுன்னு காட்டுவாங்க.”

ராஜலிங்கத்துக்கு முதலில் பிடிபடவில்லை. “ஆனா எரிக்காம இல்லையே. நான்தானே தெனம் அத ஸ்டோர்ல எரிக்கிறேன்?”

“அது எண்ணெய்க்குப் பதிலா எரிக்கிறதாம். அதுக்கு வேற தனியா நல்ல பேரு. ஒரே குச்சிக்கு ரெண்டு பேரு.”

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்பது இதுதான். கிள்ளுகிறவன் கடல் கடந்து இருக்கிறான் என்பதால் கை தெரியவில்லை.

நிலக்கரியெல்லாம் இப்போது குறைந்துவிட்டது என்று டீ.வி.யில் சொன்னார்களே என்று ராஜலிங்கம் கேட்டான். சில நாடுகளில் குறைகிறது, உண்மைதான் என்றாள் மகள். கரியில் ஓடும் பெரிய பெரிய பவர் ஸ்டேஷன்களை மூடியிருக்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் குறையவில்லை, போன வருடம் எரித்த மாதிரி உலகம் எந்த வருடமும் எரித்ததில்லையாம். வீட்டுக்கு வீடு குளிர்மெஷின், கேள்விக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்கள், கார், எல்லாவற்றுக்கும் கரண்டு வேண்டும். எண்ணெயும் அப்படித்தான். விடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் கூடக் கூட எரிக்கிறார்கள். ராஜலிங்கம் அண்ணாந்து பல்பைப் பார்த்தான். இதுவும் புத்தளத்துப் பக்கம் எரிகிற கரிதானே என்றான். மழை இல்லாத காலத்தில் பெரும்பாலும் அதுதான் என்றாள் அவள்.

லோஜினி மத்தைச் சட்டியிலேயே விட்டாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லு. நம்ம குளிர்ல கெடந்தா அவனுங்க கரி வெள்ளையாயிருமா?”

சிந்துஜா தாளை மடித்து வைத்தாள். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

ராஜலிங்கம்தான் மெதுவாக ஆரம்பித்தான். ஒரு கையெழுத்துதானே. பதினாலு நாள் போனால் போகிறது. காம்பராவை விட்டு எங்கே போவது, இவளுக்கு ஏ.எல். சோதனை வருகிறது, கண்டிக்குப் போய் வழக்குப் பேச நமக்கு ஆளா இருக்கிறது. யானையோடு மல்லுக்கு நிற்க முடியுமா என்றான். சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

“நான் கையெழுத்து வச்சா இந்த லயத்துல இனி எவளும் எவ வீட்டுக்கும் ஒரு குச்சி தூக்க முடியாது” என்றாள் லோஜினி. “கள்ளி மக டீச்சராப் போறான்னு இவளயும் சொல்லுவானுங்க. வாசிக்காமக் கையெழுத்து வைக்க இந்த வீட்டுல நீங்க ஒரு ஆளு இருக்கீங்க. அது போதும்.”

இருபது வருடத்தில் அவள் அவனை இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. ராஜலிங்கம் எழுந்து இஸ்தோப்பில் போய் நின்றான். லயத்தின் கடைசியில் நிஷாந்தினியின் பிள்ளை அழுதது, அழுது இருமியது, மறுபடி அழுதது. நடுவில் நிஷாந்தினியே முக்காட்டோடு வந்து, தன்னால்தானே இவ்வளவும், கையெழுத்து வைத்துவிடுங்கள் அக்கா என்று கண்ணைத் துடைத்தாள். லோஜினி அவளை அதட்டி, காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ப் படு, பனி இறங்குது என்று அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆனது. ஸ்டோர் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கண்டி வாவிக்கரை ஹோட்டலில் தங்கியிருந்த அடுப்புக் கம்பனி வெள்ளைக்காரர் ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்கினார். லோஜினியைப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் அன்று மலைக்கும் போகவில்லை, ஆபீசுக்கும் போகவில்லை. நிஷாந்தினியின் காம்பராவில் இருந்தாள்.

ராஜலிங்கம் ஐந்து மணிக்கே வந்து அடுப்பை ஏற்றியிருந்தான்; அவனை விட்டால் அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் அன்று வேறில்லை. முந்தின நாள் நல்ல வெயில் அடித்ததால் கொழுந்து குவிந்திருந்தது. மேலே ஆயிரத்து இருநூறு கிலோவுக்குக் குறையாமல் அரைத்துப் பரப்பிக் கிடந்தது, டிரையருக்குள் போக. சூட்டுக் காற்றை மேலே தள்ளும் காற்றாடியின் இரைச்சல் சுவரையே அதிர வைத்தது. அவன் முகத்தில் ஒன்றுமில்லை. கட்டையைத் தூக்கினான், போட்டான், கதவைச் சாத்தினான்.

பத்தரைக்கு வந்தார்கள். துரை, டீமேக்கர், சஞ்சீவனி, மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், பின்னால் பெரியதம்பி. வெள்ளைக்காரர் ராஜலிங்கத்துக்குக் கை கொடுத்தார், கரி பிடித்த கை என்று பார்க்கவில்லை. அடுப்பைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார், பாராட்டினார். நல்ல மனிதன் மாதிரித்தான் இருந்தார். ராஜலிங்கத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் இரண்டு வசவு வாய்க்குள்ளாவது வைதிருக்கலாம்.

அரைத்த விறகு போட்டோவில் எடுபடாது என்று யாருக்கோ தோன்றியது. துரை பெரியதம்பியைப் பார்த்தார். அவன் போய் ஆபீஸ் மூலையில் கிடந்த கட்டைத் தூக்கி வந்து அடுப்பு வாய்க்கு முன்னால் வைத்தான். அட்டையை மட்டும் கழற்றியிருந்தார்கள். கயிறு அப்படியே இருந்தது.

லோஜினி இடதுகைக்காரி. அவள் போடும் முடிச்சு எல்லோரும் போடுவதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கல்யாணமான புதிதில் அவள் கட்டிய கட்டை அவிழ்க்கத் தெரியாமல் ராஜலிங்கம் கத்தியால் அறுத்து அவளிடம் வசவு வாங்கியிருக்கிறான். அந்த முடிச்சைத்தான் இப்போது குனிந்து பார்த்தான்.

“ராஜலிங்கம்ணே, இத உள்ள போடுறப்ப படம் எடுக்கணுமாம்” என்றாள் சஞ்சீவனி. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “முந்தி வீணாப் போனது இப்ப பயன்படுதுன்னு காட்டத்தான்.”

அடுப்புக் கதவு திறந்திருந்தது. தீ சிவப்பிலிருந்து வெளுத்து, நல்ல பதத்தில் நின்றது. ராஜலிங்கம் கட்டைத் தூக்கினான். வெள்ளைக்காரர் கேமராவைத் தூக்கினார். ராஜலிங்கம் கழுத்துத் துண்டை எடுத்து, சும்மாடாகச் சுற்றி, தலையில் வைத்து, அதன் மேல் கட்டை ஏற்றிக்கொண்டான்.

துரை சிங்களத்தில் என்ன இது என்றார்.

“இது பச்சப்புள்ளைக்குச் சுடுதண்ணி வைக்க எடுத்த வெறகு” என்றான் ராஜலிங்கம். “இருவத்திரெண்டு வருஷமா நீங்க குடுத்ததெல்லாம் இதுக்குள்ள போட்டேன். இதப் போட மாட்டேன். மிஸ், இத அந்தாளுக்கும் சொல்லுங்க. அவங்க ஊர்ல எரிக்கிற கரிக்கு எங்க லயத்துப் புள்ள குளிர்ல கெடக்காதுன்னு சொல்லுங்க. ஒரு சொல்லு விடாமச் சொல்லுங்க.”

சஞ்சீவனி துரையைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், வாயைத் திறந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, வெள்ளைக்காரர் முகம் மலர்ந்து தலையாட்டினார். விறகுக் கட்டோடு நிற்கிற ராஜலிங்கத்தைச் சரியாக நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்டே வந்து.

ராஜலிங்கத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அந்தக் கட்டை அவர் கால்மாட்டில் போட்டு மிதித்திருப்பான். பிள்ளைக்குரியது என்பதால் போடவில்லை. அடுப்புக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எல்லோரையும் தாண்டி நடந்தான்.

முற்றத்தில் பெரியதம்பி ஓடி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான். மூச்சு வாங்கியது. சிவப்புப் புத்தகம் கையில் இருந்தது.

“மச்சான், எறக்கி வைங்க. நான் எழுதத்தான் வேணும். எழுதலன்னா என் வேல போயிரும்.”

“யாரு எழுத வேணாம்னா? எழுது.”

“மச்சான்...”

“பேர மட்டும் சரியா எழுது. வெள்ளிக்கெழம பத்தே முக்கா மணிக்கு ஸ்டோர்லருந்து ஒரு கட்டு மிலாறு திருடுனது ராஜலிங்கம். லோஜினி இல்ல. திங்கக்கெழம எழுதுனத வெட்டிட்டு இத எழுது. ஒரு கட்டுக்கு ஒரு கள்ளன் போதும்.”

பெரியதம்பி எழுதவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்தான், பிறகு எடுத்தான். கடைசியில் கேட்டின் ஒரு பக்கத்தை இழுத்து விட்டு ஒதுங்கினான். கட்டு அகலமாக இருந்ததால் மற்றப் பக்கத்தையும் திறந்தான்.

ஸ்டோரிலிருந்து லயத்துக்கு ஒற்றையடிப் பாதை, ஒரு கல் தூரம். மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். ஆண்பிள்ளை மிலாறு சுமந்து அவர்கள் பார்த்ததில்லை. ஒருத்தி ஏதோ கேட்டாள். அவன் தலையை அசைக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

நிஷாந்தினியின் வாசலில் கட்டை இறக்கியபோது லோஜினி வெளியே வந்தாள். கட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அவன் தோளில் உதிர்ந்திருந்த பட்டைத் தூளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து இடது கையால் முடிச்சை இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. ஐம்பத்தேழாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய தகர அடுப்பில் நாலு குச்சியை ஒடித்து வைத்தாள். அந்த அடுப்பின் வாய்க்கு மிலாறு அளவெடுத்த மாதிரி இருந்தது. தீ புகையில்லாமல் பிடித்தது, கம்பனி சொன்னபடியே. மேலே தண்ணிச் சட்டியை ஏற்றினாள்.

அப்போதுதான் சத்தம் மாறியது. ஸ்டோரின் காற்றாடி இரைச்சல் இரவும் பகலும் அந்த லயத்தில் மூச்சு மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும், யாரும் அதைக் கவனிப்பதில்லை. அது இழுத்து இழுத்துத் தணிந்து, நின்றது. லயத்து நாய்கூட நிமிர்ந்து பார்த்தது. மேலே புகைக்கூண்டில் புகை நூலாக மெலிந்திருந்தது.

“அடுப்ப அப்படியே விட்டுட்டா வந்தீங்க?”

“ஆமா.”

“கொழுந்து எவ்வளவு கெடந்துச்சு?”

“ஆயிரத்து எரநூறு கிலோ.”

அதில் நேற்று அவள் எடுத்ததும் இருந்தது, இருபத்தொரு கிலோ. இனி அது வெந்த தேயிலை. இந்தக் காம்பரா, அந்தக் காம்பரா, இரண்டு பேர் வேலை, மகளின் சோதனை, எல்லாம் அதோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மேலே ரோட்டில் துரையின் ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது.

லோஜினி எட்டிப் பார்க்கவில்லை. சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு குச்சி வைங்க” என்றாள். “புள்ளைக்கு இந்தச் சூடு பத்தாது.”

ராஜலிங்கம் குந்தி உட்கார்ந்து, தீயின் நிறத்தைப் பார்த்து, இரண்டு குச்சியை உள்ளே தள்ளினான்.